ஒன்பது நாள் பயணத்துக்குள் பழைய இரட்டைக்குழல் துவக்கைத் திருத்தி எடுக்கலாமா?

நெடுங்கேணி_வயல்

எல்லோருக்கும் வணக்கம். பழைய 12 போர் (குழலின் உள் அளவு) இரட்டைக்குழல் துவக்கு ஒன்று. பேர்மிங்ஹாம் வேலை, சுத்தியல் வெளியே தெரியாத பெட்டிப்பூட்டு வகை, குழல் 30 அங்குலம். அப்பாவின் பயிர்க்காவல் உரிமத்தில் இருந்தது, இப்போது முறைப்படி என் பெயரில். பல வருடம் ஒப்படைப்பில் கிடந்ததால் நிலைமை மோசம்.

குழலின் வெளிப்புறம் முழுக்கக் கறள். இடது குழலில், வாயிலிருந்து ஏறத்தாழ 9 அங்குலம் தள்ளி, சுண்டுவிரல் நகமளவு ஒரு நெளிவு. மரப்பிடிக்கு யாரோ கதிரை மேசைக்கு அடிக்கிற வார்னிஷைத் தடிப்பாக அடித்திருக்கிறார்கள். இரும்பும் மரமும் சேரும் இடம் எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது, அதிலிருந்து பின்னோக்கி ஒன்றரை அங்குல வெடிப்பு. அடிப்பக்க ஸ்குரூ இரண்டின் வெட்டு சிதைந்திருக்கிறது.

சிறுபோக அறுவடை முடிந்ததும் குடும்பத்தோடு வேனில் ஒன்பது நாள் பயணம்: வவுனியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, கொழும்பு, மறுபடி கண்டி வழியாக வீடு. இரண்டாம் நாள் கண்டிப் பக்கத்தில் ஒரு துவக்குத் திருத்துநரிடம் கொடுத்து எட்டாம் நாள் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவர் கையில் ஆறு நாள் இருக்கும். குழலுக்குப் புதுக் கறுப்பு ஏற்றி, மரத்தைப் புதுப்பித்து, நெளிவையும் எடுக்க இந்த ஆறு நாள் போதுமா? போதாதென்றால் எதை விடலாம்? போவதற்கு முன் வீட்டில் நான் செய்யக்கூடியது என்ன?

மாங்குளம்_சந்தி

தம்பி, இரும்பு வேலைக்கு முதல் கடதாசி வேலையை முடியுங்கோ. 1916 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைச்சிருக்கிறவருக்கு மட்டுமில்லை, திருத்துறவருக்கும் அதுக்கெண்டு உரிமம் வேணும். நல்ல கைவேலைக்காரன் எண்டதுக்காக உரிமமில்லாத லேத் பட்டறையில குடுத்தால் ரெண்டு பேருக்கும் வில்லங்கம். முதல் அவரோட கதைச்சு, அவற்ற உரிமம் இந்த வருசத்துக்குப் புதுப்பிச்சிருக்கோ எண்டு கேளுங்கோ. ஒழுங்காத் தொழில் செய்யிறவர் அதைக் கேட்டுக் கோவிக்கமாட்டார்.

உங்கட உரிமம் பயிர்க்காவலுக்குத் தந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நாலு மாவட்டம் தாண்டுறதெண்டால் கச்சேரியிலயும் (மாவட்டச் செயலகம்) உங்கட பொலிஸ் நிலையத்திலயும் எழுத்தில குடுத்து, திருத்தக் கொண்டுபோறன் எண்டு ஒரு கடிதம் வாங்குங்கோ. எந்தத் திகதியில் எவரிட்டக் குடுத்து எந்தத் திகதியில் எடுப்பன் எண்டு அதில இருக்கட்டும். உரிமத்தின்ர மூலப் பிரதி கையில இருக்கவேணும். போட்டோக்கொப்பியை மட்டும் நம்பிப் போகாதேங்கோ.

துவக்கின்ர இலக்கம் பூட்டுப்பெட்டி (விசையும் சுத்தியலும் இருக்கிற இரும்புப் பெட்டி), குழல், முன்கட்டை (குழலுக்குக் கீழ கை பிடிக்கிற மரம்) இரும்பு எண்டு மூண்டு இடத்தில இருக்கும். மூண்டும் ஒண்டோ, உரிமத்தில இருக்கிறதும் அதுவோ எண்டு பாருங்கோ. மூண்டையும் படம் எடுங்கோ. திருத்துறவர் தாற துண்டில இலக்கம், குடுத்த திகதி, அவற்ற உரிம இலக்கம், என்ன வேலை எண்டது எல்லாம் இருக்கவேணும். இலக்கத்தின்ர மேல மணல் கடதாசி படக்கூடாது எண்டும் அதிலயே எழுதுங்கோ. பளபளப்பாக்கிறதில இலக்கம் மங்கிப்போனால் அடுத்த புதுப்பிப்பில நீங்கள்தான் பதில் சொல்லவேணும்.

பயண ஒழுங்கிலயும் ஒரு விசயம். தேசிய பூங்காவுக்குள்ள துவக்கோட போக ஏலாது. தம்புள்ளைக்குப் போற ஆக்கள் மின்னேரியாவில யானை பாக்கப் போறது வழமை. உங்களுக்கு அது போகேக்கயும் இல்லை, வரேக்கயும் இல்லை, ஏனெண்டால் ரெண்டு தரமும் வேனுக்குள்ள துவக்கு இருக்கும். ஹோட்டன் சமவெளியும் தேசிய பூங்காதான். திருத்துறவர் ஏதோ காரணத்தால துவக்கை எடுக்காமல் விட்டால் நுவரெலியாத் திட்டத்தையும் மாத்தவேண்டி வரும் எண்டதை நினைவில வைச்சிருங்கோ. தம்புள்ளைக் குகைக்கோயிலுக்குப் பிள்ளையள் ஏறலாம், உரிமக்காரர் வேனோட நிக்கவேணும். அதால முதல் நாள் எங்கயும் மினக்கெடாமல் ஏ9 ஆல நேர கண்டிக்குப் போய்க் குடுத்திட்டு, பிறகு ஊர் பாருங்கோ. அப்பிடிச் செய்தால் அவருக்கும் ஒரு நாள் கூடக் கிடைக்கும்.

குழல், முன்கட்டை, பிடியோட சேர்ந்த பூட்டுப்பெட்டி எண்டு மூண்டாக் கழட்டி, ஒவ்வொண்டையும் துணியில சுத்திப் பூட்டுற பெட்டிக்குள்ள வையுங்கோ. தோட்டா ஒண்டும் கொண்டுபோகாதேங்கோ, திருத்துறதுக்கு அது தேவையில்லை.

குழல்_நோட்டம்

ஆறு நாளோ ஏழு நாளோ, எல்லாவற்றையும் முடிக்க அது காணாது. “கறுப்பு, மரம், நெளிவு மூன்றும் ஒரு கிழமையில் தருகிறேன்” என்று துவக்கைப் பார்க்காமலே சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அந்த வேகத்தில் முடிப்பவர் பளபளப்பாக்கும் மின்சாரப் பஃப் சக்கரத்தில் பிடித்து எல்லா விளிம்பையும் உருட்டி, மேலே ஒரு திரவக் கறுப்பைத் தடவித்தான் தருவார். ஆறு மாதத்தில் அது கைபட்ட இடமெல்லாம் கழன்றுவிடும். குழலின் பலத்தைச் சோதித்து அடித்த முத்திரைகள் போனது போனதுதான்.

எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க வீட்டிலேயே நான்கு விஷயம் பாருங்கள். இரு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு தொடங்குங்கள்.

குழலைக் கழற்றிக் கவிழ்த்தால் அறைப்பக்கத் தட்டையில் (அறை என்பது குழலில் தோட்டா நிற்கும் பின்பகுதி) முத்திரைகள் தெரியும். கிரீடத்தின் கீழ் பி.பி. (BP), பி.வி. (BV) இருந்தால் 1904 முதல் 1954 வரையான பேர்மிங்ஹாம் சோதனை. அதோடு கிரீடமும் என்.பி.யும் (NP) இருந்தால் புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது. கிரீடத்தின் கீழ் பி.என்.பி. (BNP), பக்கத்தில் 3 டன் என்று இருந்தால் 1954க்குப் பிறகு சோதித்தது. என்.பி.யும் இல்லை, நைட்ரோ என்ற சொல்லும் இல்லை, குழலில் பாம்புத்தோல் மாதிரி வரி தெரிகிறது என்றால் அது கரிமருந்துக் காலத்துத் துவக்கு. அதைச் சுடுவதற்காகத் திருத்த வேண்டாம். சாய்சதுரத்துக்குள் 12 சி (12 C) என்று இருப்பது அறையின் குறி. பக்கத்தில் 2½ அங்குலம் என்று இருந்தால் 65 மி.மீ. தோட்டா மட்டும். 70 மி.மீ. தோட்டாவும் உள்ளே போகும், ஏனென்றால் வாய் மடித்திருக்கும்போது அதன் நீளம் குறைவு. வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். போகிறதே என்று போடுவதில்தான் ஆபத்து. அறையை நீட்டித் தருகிறேன் என்று யாரும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரும்பு மெலிவது ஒன்று, சோதனை முத்திரையும் செல்லாது.

இரண்டாவது, மணிச்சத்தம். குழல் தொகுதியின் கொக்கியில் (பூட்டுப்பெட்டியில் மாட்டும் அடிப்பகுதி) ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, மரக் கரண்டிக் காம்பால் மெல்லத் தட்டுங்கள். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால் ரிப் என்று சொல்லும் நடுப்பட்டி இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. சட்டென்று செத்த சத்தம், அல்லது சிறு நடுக்கம் கேட்டால் ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. பட்டிக்குள் தண்ணீர் போய்க் கறள் கண்ணுக்குத் தெரியாமல் தின்றுகொண்டிருக்கும்.

மூன்றாவது, மூட்டு. துவக்கைப் பூட்டி முன்கட்டையை மட்டும் கழற்றுங்கள். அது இருந்தால் தளர்வை மறைத்துவிடும். பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். பிறகு குழலின் பின்முகமும் பூட்டுப்பெட்டியின் முகமும் சேரும் இடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீற்று வெளிச்சம் வந்தால் தேய்ந்திருக்கிறது. குழலைத் திறக்கும் மேல்நெம்பு பூட்டியபின் நடுவைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதும் தேய்வின் அடையாளம்.

நான்காவது குழலின் உள். வெள்ளைத் துணி இழுத்துத் துடைத்துவிட்டு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி வெறும் அழுக்கா, குழியா என்பது வெந்நீர் ஊற்றித் துடைத்தபின் தெரியும். பழைய தோட்டாக்களின் தீக்கொளுத்தியில் உப்பு மிஞ்சும், அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கறள் பிடிக்க வைக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும்.

குழலின் தடிப்பை வீட்டில் அளக்க முடியாது. திருத்துநரிடம் அதற்குரிய கருவி இருக்க வேண்டும். நெளிவுள்ள இடத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீற்றர், அதற்குக் கீழே என்றால் நெளிவை எடுக்கச் சொல்லாதீர்கள், சுடவும் கூடாது. உள் அளவையும் கேளுங்கள். 12 என்று முத்திரை உள்ள குழல் புதிதில் .729 அங்குலம், அதாவது 18.5 மி.மீ. தேய்ந்தும் சுரண்டியும் .740ஐ எட்டியிருந்தால் அந்த முத்திரை இனிப் பெறுமதியில்லை. கருவி இல்லை, கண்ணால் பார்த்தே சொல்வேன் என்கிறவரிடம் குழல் வேலை எதுவும் கொடுக்க வேண்டாம்.

கறுப்பேற்றம் பற்றி ஒரு எச்சரிக்கை. சைக்கிள் சாமான், இயந்திரச் சாமானுக்குக் கறுப்பேற்றுகிற சூட்டுத் தொட்டி முறை இரட்டைக்குழலுக்கு ஆகவே ஆகாது. அந்தத் தொட்டியில் காரச்சோடாவும் நைட்ரேற்றும் ஏறத்தாழ 140 பாகை செல்சியசில் கொதிக்கும். பட்டியை ஒட்டியிருக்கும் ஈயமும் தகரமும் அந்தச் சூட்டில் உருகாவிட்டாலும் காரத்தில் கரைந்துபோகும். பட்டிக்குள் புகுந்த உப்பை எப்படியும் கழுவி எடுக்க முடியாது. வேலை முடிந்து வரும்போது கண்ணைப் பறிக்கும், ஒரு மாரிக்குள் பட்டி கழன்று கையில் வரும்.

இதற்குச் சரியான முறை கறளாலேயே கறுப்பேற்றுவது. எண்ணெய்ப்பசை ஒரு துளியும் இல்லாமல் அசிற்றோனால் துடைத்து, கறள் மருந்தை மிக மெல்லியதாக ஒரே இழுவையில் பூசி, ஈரக்காற்றில் சில மணி நேரம் விட்டால் செம்மஞ்சள் கறள் படரும். அதைப் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீரில் கொதிக்க வைத்தால் கறுப்பாக மாறும். மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் தளர்ந்ததை உரசி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இப்படி ஆறு முதல் எட்டுத் தடவை. நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. கொதிக்க வைப்பது வடித்த நீரிலோ சுத்தமான மழைநீரிலோ. வன்னிக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது, கேத்திலில் படிகிற அதே வெள்ளை குழலிலும் புள்ளி புள்ளியாகப் படியும். இந்த வேலையே ஆறு நாளைத் தின்றுவிடும், அதற்கு முன் நெளிவும் மூட்டும் முடிந்திருக்க வேண்டும். ஆகவே சோதனை முடிவை எழுதுங்கள், பிறகு எதை விடலாம் என்று பார்ப்போம்.

முதிரைப்பலகை

மரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கறுத்த இடம்தான் உண்மையான நோய், வெடிப்பு அதன் அறிகுறி. துவக்கை நிமிர்த்தி வைத்து மேலிருந்து எண்ணெய் ஊற்றி ஊற்றிப் பூட்டுப்பெட்டி வழியாக மரத்தலைக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் ஊறிய வால்நட் மெத்தென்று ஆகிவிடும். ஒவ்வொரு வெடியிலும் இரும்பு பின்னுக்கு இடிக்க, மரம் அமுங்கி வெடிக்கும். எண்ணெயை எடுக்காமல் எந்தப் பசை வைத்தாலும் பிடிக்காது.

எடுக்கும் முறை: பூட்டுப்பெட்டியை மரத்திலிருந்து முழுக்கக் கழற்ற வேண்டும். இதைத் திருத்துநரே செய்யட்டும். அடித்தகடு, விசைக்காப்பு, பிடியின் கழுத்து வழியே போகும் நீள ஸ்குரூ, மேல்நெம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஸ்குரூ என்று ஒரு ஒழுங்கு உண்டு. நெம்புக்குக் கீழே ஒன்று இருப்பது தெரியாமல் மரத்தை இழுத்துத்தான் பலர் தலைப்பகுதியைப் பிளந்துவிடுகிறார்கள். இந்தத் துவக்குகளில் ஒரு ஸ்குரூ இன்னொன்றின் துளைக்குச் சரிவராது, ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கு வெட்டியது. மட்டையில் துவக்கின் படம் கீறி, அந்தந்த இடத்தில் குத்தி வைக்க வேண்டும். சாதாரண ஸ்குரூ ட்ரைவரின் நுனி ஆப்பு மாதிரிச் சரிவாக இருக்கும், அதுதான் உங்கள் இரண்டு ஸ்குரூவின் வெட்டையும் சிதைத்தது. வெட்டின் அகலத்துக்கும் நீளத்துக்கும் அப்படியே பொருந்துமாறு நுனியைத் தீட்டிய ட்ரைவர் வேண்டும்.

கழற்றியபின் சோக்குத் தூளை அசிற்றோனில் களியாகக் குழைத்து கறுத்த இடத்தில் தடிப்பாக அப்ப வேண்டும். காயக் காய எண்ணெயை உறிஞ்சி மஞ்சளாகும். தட்டிவிட்டு மறுபடி. நான்கைந்து தடவை கட்டாயம் தேவைப்படும், கடும் ஊறலுக்குப் பத்தும் ஆகும். சோக்கு இல்லையென்று வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசிவிட வேண்டாம். அது காரம், வால்நட்டை இன்னும் கறுப்பாக்கும்.

வெடிப்புக்கு மெதுவாக இறுகும் எபொக்சி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அது உள்ளே ஓடுவதற்குள் இறுகிவிடும். வெடிப்பை மெல்ல விரித்து, மெல்லிய நூலால் பசையை உள்ளே இழுத்து, சைக்கிள் ரியூப் துண்டால் இறுக்கிச் சுற்றி 24 மணி நேரம் விட வேண்டும். வெள்ளைத் தச்சுப் பசை இதற்கு ஆகாது, தொடர்ந்து இடிபட்டால் நகரும். ஆணி அடிப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆக, கழற்றல், எண்ணெய் எடுத்தல், ஒட்டுதல் மூன்றும் ஆறு நாளில் அடங்கும். வார்னிஷ் எடுத்து எண்ணெய் ஏற்றுவது அடங்காது. அதை வீட்டில், பூட்டுப்பெட்டி மரத்தில் பொருத்தியபடியே, நீங்களே செய்யலாம். வார்னிஷை இரசாயனத்தால் இளக்கிப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து எடுங்கள். கண்ணாடித் துண்டால் சுரண்டினால் வளைவுகள் தட்டையாகிவிடும். இரும்பை ஒட்டிய விளிம்பில் மணல் கடதாசி வைக்கவே கூடாது. நல்ல வேலையில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும். தேய்த்துத் தாழ்த்தினால் இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அதைத் திரும்ப உயர்த்த வழியில்லை.

அமுங்கிய காயங்களுக்கு ஈரத்துணி வைத்து மேலே சூடான அயன்பெட்டியின் நுனியைச் சில நொடி வையுங்கள். ஆவி இறங்க நார் எழும்பும். வெட்டுப்பட்டு நார் அறுந்த இடம் இப்படி எழும்பாது. ஒரு நாள் காயவிட்டு 240, 320, 400 இலக்க மணல் கடதாசியால் இந்த ஒழுங்கில் மெல்லிய தேய்ப்பு. ஈரத்துணியால் துடைத்து எழும்பும் மயிரை மறுபடி தேய்த்து, இப்படி இரண்டு தரம். பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், வன்பொருள் கடைகளில் லின்சீட் ஒயில் என்று கேளுங்கள். நாலைந்து துளி, அதற்குமேல் வேண்டாம். உள்ளங்கை சூடாகும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு 24 மணி நேரம். பத்து முதல் பதினைந்து தடவை. ஒட்டுகிற மாதிரி இருந்தால் அடுத்த கை போடாதீர்கள். ஆவணி வெயிலில் ஒரு நாள் போதும், ஐப்பசி மழை தொடங்கினால் இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஆகவே பயணம் முடிந்து வந்த கையோடு தொடங்குங்கள்.

பிடியின் கழுத்தில் உள்ள கட்டக்கோட்டு வேலைப்பாட்டில் வார்னிஷ் நிரம்பியிருக்கும். பழைய பல்துலக்கியும் அசிற்றோனும் போதும். எண்ணெய் அங்கே மிக மெல்லியதாக ஒரு தடவை மட்டும், இல்லாவிட்டால் கோடுகள் மறுபடி அடைபடும்.

யாராவது “இந்த மரம் சரிவராது, முதிரையில் புதுப்பிடி செய்து தருகிறேன்” என்று சொல்லக்கூடும். வடிவான மரம்தான், ஆனால் வால்நட்டைவிட நல்ல பாரம், பிளக்கும் குணமும் உண்டு. பாலை தண்ணீரில் தாழுகிற மரம். இரட்டைக்குழல் துவக்கின் சமநிலை, குழல் மடியும் மூட்டு முளைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிடி கனத்தால் குழல் வாய் மேலே தூக்கும், தோளில் வைத்த உடனே தெரியும். ஒன்றரை அங்குல வெடிப்புக்காக அசல் மரத்தை எறிய வேண்டாம்.

நெடுங்கேணி_வயல்

மிக்க நன்றி. பார்த்துவிட்டேன். முத்திரை: கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. மூன்றும் உண்டு. சாய்சதுரத்தில் 12 சி, 2½ அங்குலம். மூன்று இலக்கமும் ஒன்றுதான், உரிமத்திலும் அதுவே. தட்டினால் அறைப்பக்கம் நன்றாக ஒலிக்கிறது, வாய்ப்பக்கம் சத்தம் செத்துவிடுகிறது. முன்கட்டையைக் கழற்றி ஆட்டினால் மிகச் சிறிய ஆட்டம் இருக்கிறது, ஆனால் வெளிச்சம் தெரியவில்லை. வலது குழலின் உள் சுத்தம். இடதில் அறைக்கு முன்னால் சில சிறு குழிகள்.

கறளுக்குத் தேசிக்காய்ப் புளி பூசித் தேய்க்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். பித்தளைக்குப் பழப்புளி போடுவது போல.

குழல்_நோட்டம்

தேசிக்காயும் பழப்புளியும் வேண்டாம். அமிலத்துக்குச் சிவப்புக் கறள், கறுப்புப் பூச்சு என்ற பாகுபாடு தெரியாது, இரண்டையும் எடுத்துவிடும். மிஞ்சியிருக்கிற பழைய கறுப்பும் போய், தேய்த்த இடம் சாம்பலாக நிற்கும், அடுத்த நாளே புதுக் கறள் பிடிக்கும். மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் எண்ணெயோடு நீளவாக்கில் உரசுங்கள். கட்டியாக நிற்பதைப் பித்தளைத் தகட்டு விளிம்பால் சுரண்டுங்கள். பித்தளை இரும்பைவிட மெது, கறளை மட்டும் எடுக்கும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இந்தப் பயணத்தில் கறுப்பேற்றத்தைக் கைவிட வேண்டும். வாய்ப்பக்கம் சத்தம் செத்தால் அங்கே பட்டி விட்டிருக்கிறது. கறுப்பேற்றுகிற வேலையில் குழலை ஆறு எட்டுத் தரம் கொதிநீரில் போட வேண்டும், ஒவ்வொரு தரமும் விட்ட இடத்தால் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. வெளியே வடிவாக்கி உள்ளே அழுக வைக்கிற வேலை அது. முதலில் பட்டி, பிறகுதான் கறுப்பு. பட்டியைத் திருப்பி ஒட்டுவது சூட்டு வேலை. சூடுபட்ட இடத்தின் நிறம் எப்படியும் போகும், அதனால் அதற்கு முன் கறுப்பேற்றினாலும் வீண்.

திருத்துநரிடம் இந்த ஒழுங்கில் சொல்லுங்கள். முதல் நாளே குழலின் உள் அளவும் தடிப்பும் எடுத்து எழுதித் தரட்டும். நெளிவுள்ள இடமும், இடது குழலில் அறைக்கு முன்னாலுள்ள குழிகளின் இடமும் கட்டாயம். இரண்டில் ஒன்று மெலிந்திருந்தால் அதற்குமேல் குழலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். அதனால் நீங்கள் முதல் அரைநாள் கண்டியிலேயே இருக்கிற மாதிரித் திட்டம் போடுவது நல்லது. குழியை மறைக்க உள்ளே சுரண்டிப் பளபளப்பாக்குவது பலர் செய்வது. சில குழி இருந்து தடிப்பும் இருக்கிற குழல், பளபளத்து மெலிந்த குழலைவிட மேல்.

தடிப்புச் சரியென்றால் நெளிவு. உள்ளே அளவான உருளைக் கருவி வைத்து, மெல்ல மெல்ல அழுத்தி எழுப்ப வேண்டும். சுத்தியலால் வெளியே தட்டிச் சமன்படுத்துவதாகச் சொன்னால் விட்டுவிடுங்கள். நெளிவோடு சுட்டால் சன்னம் அந்த மேட்டில் இடித்து இடித்துக் குழல் வெளியே புடைக்கும், புடைப்பை எடுப்பது நெளிவை எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

மூட்டின் சிறு ஆட்டத்துக்கு இந்த முறை அளவு மட்டும் எடுக்கட்டும். ஒழுங்கான திருத்தம் மூட்டு முளையை ஒரு படி பெரிதாக்குவது, அல்லது கொக்கியில் இரும்பேற்றி அரத்தால் பொருத்துவது. கொக்கியைச் சுத்தியலால் அடித்துப் பிதுக்குவதும், நடுவே தகடு வைப்பதும் கொடுத்து எடுக்கும் அன்று இறுக்கமாகத் தெரியும். ஐம்பது வெடிக்குள் பழையபடி ஆடும்.

பூட்டுப்பெட்டியின் மேற்பரப்பில் நீலமும் கபிலமும் கலந்த முகில் மாதிரி நிறம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதைத் தொட வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். அது எலும்புக்கரியில் சுட்டுப் பதப்படுத்திய மேற்தோல். பஃப் பண்ணினால் ஒரு நிமிடத்தில் போய்விடும், மறுபடி கொண்டுவர முழுப் பெட்டியையும் செஞ்சூட்டில் போட வேண்டும், அதில் பெட்டி கோணுவதும் உண்டு.

ஆக இந்தப் பயணத்தில்: அளவெடுப்பு, பூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்தல், ஸ்குரூ இரண்டு, தடிப்பு இருந்தால் நெளிவு, மரத்தலை எண்ணெய் எடுத்து வெடிப்பு ஒட்டுதல். பட்டி, மூட்டு, கறுப்பு மூன்றும் சேர்த்து இன்னொரு தரம், அவசரமில்லாமல் ஒன்றிரண்டு மாதம் கொடுத்து. பட்டி இறுகி, மூட்டும் சரியாகும்வரை இந்தத் துவக்கைச் சுடாதீர்கள். காலபோகப் பயிருக்கு இந்த வருடம் வேறு காவல் ஒழுங்கு பாருங்கள்.

பாலைநிழல்

எண்ணெய் பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை. எங்கட பக்கத்தில துவக்குக்குத் தேங்காயெண்ணெய் பூசுறது பரம்பரைப் பழக்கம். நிப்பாட்டுங்கோ. அது நாள்பட ஊசிப்போய் அமிலமாகி இரும்பை அரிக்கும். அதைவிட, 24 பாகைக்குக் கீழ போனால் உறைஞ்சு போகும். நெடுங்கேணியில பிரச்சினை தெரியாது, மலைநாட்டுக் குளிரில பூட்டுக்குள்ள மெழுகு மாதிரி இறுகி நிக்கும், திருத்துறவர் வில்லுப் பலம் குறைஞ்சிட்டுது எண்டு தப்பாக் கணக்குப் போடவும் கூடும். நல்லெண்ணெயும் வேண்டாம், அது பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் வாங்குங்கோ. துணியில ரெண்டு துளி விட்டு இரும்பு முழுக்கத் துடைச்சால் காணும். ஊத்தக் கூடாது, ஊத்தினதாலதான் உங்கட மரம் கறுத்தது.

திரும்பி வரேக்க கண்டிக் குளிரில இருந்து இறங்கி வெக்கைக்குள்ள வருவியள். குளிர்ந்த இரும்பில ஈரக்காத்துப் பட்டால் ஐஸ்கட்டித் தண்ணிக் கோப்பை மாதிரி வேர்க்கும். ஏசி வேனும் அதே வேலையைத்தான் செய்யும். வீட்டுக்கு வந்த உடன பெட்டியைத் திறக்காதேங்கோ. ரெண்டு மூண்டு மணித்தியாலம் அப்பிடியே விட்டு, இரும்பு வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து எல்லாம் ஒருக்காத் துடையுங்கோ. தோல் உறையில வைச்சுப் பூட்டுறதும் கூடாது. தோலைப் பதனிட்ட மருந்தும் ஈரமும் சேர்ந்து, உறை பட்ட இடத்துக்கு அச்சடிச்ச மாதிரிக் கறள் வரும். கொண்டுபோக மட்டும் உறை, வீட்டில பருத்தித் துணி.

வீட்டு அலுமாரியில பூட்டி வைக்கேக்க குழல்வாய் கீழ பாக்க, கீழ ஒரு துணி மடிச்சு வையுங்கோ. மிச்ச எண்ணெய் வாயால வடியும், மரத்துக்குள்ள இறங்காது. கார்த்திகை, மார்கழியில கிழமைக்கு ஒருக்கா எடுத்துத் துடையுங்கோ, மற்ற மாதங்களில மாதம் ஒருக்காப் போதும். கைபட்ட இடமெல்லாம் துடைக்கவேணும், வியர்வை உப்பு ஒரு இரவிலயே விரல் அடையாளத்தில கறள் பிடிக்க வைக்கும்.

சும்மா விசையை இழுத்துச் சத்தம் பாக்கிற பழக்கத்தையும் பிள்ளையளுக்குச் சொல்லித் தடுங்கோ. இந்த வகைப் பெட்டிப்பூட்டு 1875 இல வந்த அமைப்பு, குழலை மடிக்கேக்க சுத்தியல் தானா ஏறி நிக்கும். வெறும் அறையில விட்டால் ஊசி நுனி முறியும். வில்லைத் தளர்த்தி வைக்கவேணும் எண்டால் போலித் தோட்டா ரெண்டு வாங்கிப் போட்டு விடுங்கோ.

முதிரைப்பலகை

விட்டுப்போன ஒன்று, இதைக் கட்டாயம் வாசியுங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியக் கூடாது. அது காயும்போது தானாகவே சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு அடைபட்டுத் தீப்பற்றும். திருத்துநரிடம் மரவேலை நடந்து, “மிச்ச எண்ணெயும் துணியும் இதோ” என்று ஒரு பையில் கட்டித் தந்தால் எண்ணெய்ப் போத்தலை மட்டும் வாங்குங்கள், வெயிலில் நிற்கிற வேனுக்குள் அந்தத் துணி வரக் கூடாது. வீட்டில் துடைத்த துணியை வேலிக் கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள், விறைத்துக் கடதாசி மாதிரி ஆனபின் எறியலாம். இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய வாளியில் அமுக்கி வையுங்கள்.